ஹெல்காவின் கால் அளவு

ஹெல்காவுக்கு முப்பத்தெட்டு வயது.
ஹாம்பர்க்கில் வீடு, ஒரு நாய், பாதி அடைத்த கடன்.
மழையிலும் நடந்தே வேலைக்குப் போவாள்.

சர்வதேச மார்க்கெட்டிங், இரண்டாம் செமஸ்டர்:
'உங்கள் வாடிக்கையாளரை உருவாக்கிக் காட்டுக.'
சத்துவாச்சாரி அறையில், கரன்ட் போன பிறகு,
ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு
நானும் தன்வீராவும் அவளைப் பெற்றோம்.
நாய்க்குப் பெயர் வைப்பதில்தான் சண்டை.
மணி பதினொன்று.

அப்போது அம்மா கூப்பிட்டாள்,
ஆம்பூரில், ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி வேனிலிருந்து.
"இன்னைக்கு முப்பத்தொம்பது சைஸு, நானூறு ஜோடி.
வாரு நூலாட்டம் இருக்குது.
இத எவடி போட்டுகினு நடப்பா?"

"ஹெல்கா" என்றேன். "மழையில."

கொஞ்ச நேரம் வேன் சத்தம் மட்டும்.
"மழையில வேணாம்னு சொல்லு அவகிட்ட.
இந்தப் பசை தாங்காது.
சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன்,
ஆர்டரே அப்படித்தானாம்."

பதினான்காம் ஸ்லைடில் அதை அப்படியே போட்டோம்.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இந்தத் தரவு எங்கே கிடைத்தது?"
தன்வீரா என்னைப் பார்த்தாள்.
"நேர்காணல், சார்."
"எத்தனை பேர்?"
"ஒருத்தர்."
மாதிரி அளவு போதாது.
பத்துக்கு ஆறு.

அன்று சாயந்திரம்
காட்பாடிப் பக்கம் வானம் கறுத்தது.
பஸ் ஸ்டாண்டே அண்ணாந்து பார்த்து
நாலு தூறலுக்குக் காத்திருந்தது.
நான் மட்டும், வேண்டாம் வேண்டாம் என்று,
பார்த்தேயிராத ஒருத்தியின்
இடது கால் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.