எண்பத்தேழு

எல் ஆல்த்தோவில் சனிக்கிழமை காலை
வெயில் காய்கிறது, சுடவில்லை.
டயர்க் கடை மாடியில் எங்களுக்குக் கிடைத்த அறையில்
நாற்காலி ஒன்பது, பிள்ளைகள் பதினொன்று,
ஒரு மின்னடுப்பு, ஒரு வெப்பமானி.
வெப்பமானி பல்கலைக்கழக ஆய்வகத்துடையது.
சொல்லாமல் எடுத்து வந்தேன்,
திங்களன்று வைத்துவிடுவேன்.

என்னை 'இன்ஹே' என்று கூப்பிடுகிறார்கள்.
இஞ்சினியருக்கு இந்த ஊர்ப் பாதிச் சொல்.
நானும் இன்னும் பாதிதான்:
கட்டடப் பொறியியல், மூன்றாம் ஆண்டு,
பாய்ம இயக்கவியலில் இரண்டு முறை தோற்றவள்.
அதை இவர்களிடம் சொன்னதில்லை.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது.
ஒவ்வொருவராய் எட்டிப் பார்த்து எழுதினார்கள்.
எண்பத்தாறரை. எண்பத்தேழு. எண்பத்தேழு.
இன்னும் ஏறும் என்று யெஸ்மி
பத்து நிமிடம் அங்கேயே நின்றாள்.
ஏறவில்லை.
"அதனால்தானா எங்கள் வீட்டு பீன்ஸ்
குக்கர் இல்லாமல் வேகமாட்டேன் என்கிறது?"

அந்தக் கேள்விக்காகத்தான் வாரம் முழுக்கத் தயாராகியிருந்தேன்.
நாலாயிரம் மீட்டர் உயரம்,
காற்று மெலிவு,
தண்ணீரின் தலையில் சுமை குறைவு,
அதனால் சீக்கிரமே கிளம்பிவிடுகிறது என்று
கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.
நன்றாகத்தான் சொன்னேன்.

பிறகு நோட்டுகளைப் பார்த்தேன்.
லிம்பர்ட்டின் நோட்டில் நூறு.
மணி மணியான எழுத்தில், அடிக்கோடிட்டு, நூறு.

"நீ பார்த்தது எவ்வளவு?"
"எண்பத்தேழு."
"பின்னே?"
"பரீட்சையில் நூறுதான் சரி, இன்ஹே.
போன வருடம் அண்ணன் எண்பத்தேழு எழுதி
சைபர் வாங்கினான்.
அவனும் பார்த்துவிட்டுத்தான் எழுதினான்."

கீழே ஏதோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.
அதை வைத்தே அழுத்தத்துக்கு
ஓர் உதாரணம் சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை
என் கான்கிரீட் கட்டி பதினேழில் உடைந்தது.
இருபத்தொன்று வந்திருக்க வேண்டும்.
"மணல் ஈரமாயிருந்திருக்கும், எழுது" என்றான்
பக்கத்தில் நின்றவன்.
எழுதினேன்.
இருபத்தொன்று புள்ளி மூன்று.
அந்தப் புள்ளி மூன்று என் சொந்தச் சரக்கு,
நிஜம் போலத் தெரிய வேண்டுமே.

"இரண்டையும் எழுது" என்றேன் லிம்பர்ட்டிடம்.
"எது எங்கே என்றும் எழுது.
கடலோரத்தில் நூறு, இந்த அறையில் எண்பத்தேழு."
"நம் நாட்டுக்குத்தான் கடலே இல்லையே"
என்றாள் யெஸ்மி.
"விடைத்தாளில் கட்டம் ஒன்றுதான் இருக்கும்"
என்றான் அவன்.

ஆமாம், ஒன்றுதான் இருக்கும்.
"அப்போது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை" என்றேன்.
பதினொரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.
அவன் நூறை அழிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால், பொடியாக,
எண்பத்தேழு என்று எழுதி வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் சிவப்புக் கேபிள் காரில்
லா பாஸுக்கு இறங்கினேன்.
காலடியில் பூசாத செங்கல் வீடுகள்,
அடுத்த மாடிக்கென்று
கம்பிகளை நீட்டிக்கொண்டு.
ஒரு மொட்டைமாடியில் யாரோ
சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.
வாளியில் ஊற்றினார், போதாதென்று மறுபடி ஊற்றினார்.

மடியில் ஆய்வக நோட்டு.
பென்சிலால் எழுதியிருந்தால் ரப்பர் போதும்.
நான் பேனாவால் எழுதியிருக்கிறேன்.
அடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்,
அடித்தது தெரியும்.