கத்தரித்த ஓரம்

பொஸ்னியாவில் எங்கள் பள்ளிக்கு
ஒரே கூரை, வாசல் இரண்டு.
மஞ்சள் சுவர்ப் பக்கம் ஒரு பாடத்திட்டம்,
பச்சைச் சுவர்ப் பக்கம் இன்னொன்று.
வெளியே ஓடும் வ்ர்பாஸ் ஆற்றுக்கே
இரண்டு விதமாய் மதிப்பெண்.
நூலகம் மட்டும் பொது.
அதற்குப் பணம் கொடுத்த டென்மார்க்காரர்களுக்கு
எங்கள் வாசல் கணக்கு பிடிபடவில்லை.

வியாழன் கடைசி மணியில்
அங்கே நான் செய்தி படிக்க வைக்கிறேன்.
பதினோரு பேர். விருப்பப் பாடம்;
அதாவது, பேருந்து தாமதமாக வரும் பிள்ளைகள்.

எனக்குத் தலைமையாசிரியரும் இரண்டு.
'மதச் செய்தியா? ஜாக்கிரதை' என்றார் ஒருவர்.
மற்றவரும் அதையேதான் சொன்னார்.
அவர்கள் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளம் வடிந்த மறுநாளின்
இரண்டு நாளிதழ்களை மேசையில் விரித்தேன்.
ஒன்றில் லோவ்ரோ பாதிரியார்,
முழங்கால் வரை சேறு, கையில் மண்வாரி:
'தன் மந்தையோடு நின்ற மேய்ப்பர்.'
மற்றதில் இமாம் ருஸ்தெம்,
வெள்ளைத் தலைப்பாகையில் மண் தெறித்து,
தோளில் மாவு மூட்டை:
'தன் மக்களைக் கைவிடாதவர்.'

'தன்' என்ற சொல்லுக்கு அடிக்கோடிடுங்கள் என்றேன்.
யாரும் பேனா எடுக்கவில்லை.
சாமி பேச்சு வந்தால் இந்த அறையில்
நாற்காலிகூட சத்தமில்லாமல் நகரும்.

'டீச்சர், இதில் நீங்கள்
எந்தப் படத்தை முதலில் பார்த்தீர்கள்?'
ஸ்லாவிட்சாதான் கேட்டாள்.
வாங்கிய வரிசையில் என்றேன்.
பொய்.

அதற்குள் செனாதா இரண்டு தாளையும்
ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தாள்.
பாதிரியார் படத்தின் விளிம்பில்
ஒரு நாயின் தலை.
இமாம் படத்தின் விளிம்பில்
அதே நாயின் வால்.
நடுவில் ஒரு விரல் அளவு வயிற்றை
இரண்டு பத்திரிகையும் சாப்பிட்டிருந்தன.
வகுப்பே சிரித்தது.

என் வாயில் ஒரு வாக்கியம் தயாராய் இருந்தது:
'பார்த்தீர்களா, இருவரும் ஒன்றாகத்தான்...'
தேன் தடவிய வாக்கியம்.
நேற்றிரவே செய்து வைத்தது.

'அது எங்கள் நாய்' என்றான் யூரிட்சா.
வருஷம் முழுக்க வாய் திறக்காதவன்.
'கேட்டும் எங்களுடையது. மண்வாரியும்.
பத்து நிமிடம் நின்றார்கள்.
கேமரா ஏறிய காரிலேயே இருவரும் ஏறிப் போனார்கள்.'

வெதாத் எழுந்து நின்றுவிட்டான்.
'இமாமைச் சொல்லாதே.
அன்று இரவெல்லாம் மசூதியில்
வந்தவர்களுக்குப் படுக்கை விரித்தவர் அவர்.'

'தெரியும்' என்றான் யூரிட்சா.
'மூன்றாவது வரிசையில் படுத்திருந்தேன்.
சூப் கொண்டுவந்தது எங்கள் பாதிரியார்.
உப்பு அதிகம்.'

யாரும் யாரையும் பார்க்கவில்லை கொஞ்ச நேரம்.

'அதை ஏன் படம் எடுக்கவில்லை?'
பின் வரிசையிலிருந்து யாரோ.

'கரண்ட் இல்லை' என்றான்.

என் வாக்கியத்தை விழுங்கிக்கொண்டேன்.
அது தொண்டையில் இறங்க நேரம் எடுத்தது.

'சரி, மண்வாரி?'
'பாதிரியார் கையோடு போய்விட்டது.
ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு வரும்போதெல்லாம்
அம்மா காசு போடாமல் கேட்கிறாள்:
மண்வாரி எங்கே, சாமி?'

இந்த முறை வெதாத்தும் சிரித்தான்,
உட்காராமலே.

விசுவாசம் என்பது
அந்தப் பத்து நிமிடமா, அந்த இரவா,
திரும்பி வராத மண்வாரியை
வாரா வாரம் கேட்கப் போவதா?
கரும்பலகையில் எழுத சாக்பீஸ் எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

மஞ்சள் பக்கத்து மணி அடித்தது.
பச்சைப் பக்கத்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம்.
செனாதா டேப் கேட்டாள்.
இல்லாத வயிற்றுக்கு யூரிட்சா
பென்சிலால் கோடு போட்டான்:
'இவ்வளவு ஒல்லி இல்லை, நன்றாகத் தின்னும்.'

வருகைப் பதிவேட்டில்
'இன்றைய பொருள்' என்ற கட்டத்தில்
நாய் என்று எழுதினேன்.
இரண்டு தலைமையாசிரியரும்
கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.