பதினாறும் பெற்று

கம்பியூட்டரின் முதுகில் சின்னதாய் ஒரு சதுரக் கதவு.
நகத்தால் தள்ளினால் உள்ளே சிவப்பு.
சத்தத்தை வெளிச்சமாக்கித்தான் வெளியே விடும் என்று
ஹட்டன் கடையில் பஸ்லான் சொன்னபோது
விளங்கியமாதிரித் தலையாட்டினேன்.

அம்ப்ளிஃபயருக்கு வெளிச்சம் தெரியாது.
டிக்கோயா பங்களா ஏலத்தில்
இரண்டு ஸ்பீக்கரோடு தூக்கிவந்தது.
முதுகில் சிவப்பொன்று, வெள்ளையொன்று,
இரண்டே ஓட்டை.
அதற்குத் தெரிந்ததெல்லாம்
ஏறி இறங்கி வரும் கரண்ட்.

முதலில் ஹெட்ஃபோன் குழியிலிருந்து
நேரே வயர் இழுத்துப் பார்த்தேன்.
பாட்டுக்கு முன்னால் ம்ம்ம் என்றது.
பாட்டுக்குப் பின்னாலும் ம்ம்ம்.
பாட்டை நிறுத்தினாலும் விடவில்லை.
இந்த லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே லைன்;
எர்த் கம்பி எங்கே போகிறதென்று துரைக்கும் தெரியாது.
யார் வீட்டு ரைஸ்குக்கரோ
என் ஸ்பீக்கருக்குள் முனகிக்கொண்டிருந்தது.

அதற்காகத்தான் இந்தப் பெட்டி.
இரண்டு தீப்பெட்டியை அடுக்கிய உயரம்,
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
இந்தப் பக்கம் வெளிச்சம் நுழையும்,
அந்தப் பக்கம் சிவப்பும் வெள்ளையுமாய் வயர் கிளம்பும்.
நடுவில் என்னைப்போல ஒரு கிளாக்கர்,
எண்களை வாங்கி அலையாக்கித் தர.

செருகினேன். சத்தமில்லை.
ஐந்து ஸ்பீக்கர் இருப்பதாய் நினைத்து
கம்பியூட்டர் பொதி கட்டி அனுப்பிக்கொண்டிருந்தது.
இரண்டுதான் என்று செட்டிங்கில் மாற்றினேன்.
அப்போதும் இல்லை.
வயர் நுனியை பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்
அண்ணி சந்திரவதனி.
கொழுந்துக் கறை போகாத விரல்.
"என்ன புள்ள, மூடியக் கழட்டவேயில்லையே."

கண்ணாடி மாதிரி ஒரு மூடி,
கொழுந்து நுனியளவு.
வெளிச்சம் அதன் வழியாகத் தெரிந்துகொண்டேதான் இருந்தது.
அதனால்தான் நான் பார்க்கவில்லை.

க்ளிக்.
இடதில் ஒரு மணி. வலதில் ஒரு மணி.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைக் கேட்டபடி
இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.
வெளிச்சத்தில் தொற்றிக்கொண்டு
கரண்ட் ஏறிவர முடியாதாம்.
முனகல் போயே போய்விட்டது.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்;
அது இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை.

"எண்ண எப்புடிப் பாட்டாக்குது?"
ஒரு செக்கனுக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை
சத்தத்தை நிறுத்து எழுதிவைத்திருக்கிறது என்றேன்.
மலையைப் படிக்கட்டாய் வெட்டின மாதிரி.
பெட்டி அதை வாங்கித் திரும்பச் சரிவாக்கும்.

"ரெண்டு படிக்கு நடுவுல இருந்தது?"
கிட்ட இருக்கிற படியில் சேர்த்துவிடும்.

"மேலயா, கீழயா?"
மேலேயும் போகும், கீழேயும் போகும்.

"நியாயமான மெஷினு" என்றாள்.

பிறகு சிரித்தாள்.
"கல்யாணத்துல பதினாறும் பெத்துப் பெருவாழ்வு வாழச் சொன்னாங்க.
தெனமும் பதினெட்டு கிலோ பறிச்சு
பதினாறு பெத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
வெயிலடித்த நாளிலும் ஈரத்துக்கு ஒன்று.

அந்தப் பதினாறை ஆபீசில் தட்டுவது யாரென்று
அவளுக்குத் தெரியும்.
அவள் அதைச் சொல்லவில்லை.
பாட்டொன்று போடு என்றாள்.
போட்டேன்; நன்றாகத்தான் இருந்தது,
தபேலாவில் விரல் வேறு, உள்ளங்கை வேறாய்.
எந்தப் பாட்டென்று இப்போது ஞாபகமில்லை.

காலையில் பேனா தேடிக் கைப்பைக்குள் விட்ட கையில்
மூடி அகப்பட்டது.
மேசையில் வைத்தேன்.
அதனூடாகச் செக்ரோல் பளிச்சென்று தெரிந்தது:
பெயர் நம்பர் இருநூற்றுப் பதினாலு.
ஒன்றைத் தட்டினேன்.
ஆறும் எட்டும் கீபோர்டில் கோணலாய் அடுத்தடுத்து,
ஒரே விரலுக்கு எட்டும் தூரம்.

எங்கேயோ ம்ம்ம் என்று கேட்டது.
டியூப்லைட்டாக இருக்கலாம்.