நடுவில் ஓர் ஏரி

டிசம்பர். குவோப்பியோவில்
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
அவன் விளக்கைப் போட்டுவிட்டு
"தொடங்கலாமா?" என்றாள் ஐலி.
ஆறு வயது. ஏப்ரன் கணுக்கால் வரை.

கோதுமை இந்த வீட்டை விட்டுப் போய்
எட்டு மாதம்.
டோஸ்டரைத் தூக்கிப் போட்டோம்.
மரக்கரண்டிகளைச் சவுனா அடுப்பில் எரித்தோம்,
விரிசல்களில் என்னென்ன ஒளிந்திருந்தனவோ.

வாழைப்பழம் இரண்டு, தோல் கறுத்தவை.
அவளே பிசைகிறாள், விரலிடுக்கில் பிதுங்கப் பிதுங்க.
முட்டை மூன்று.
உள்ளே விழுந்த ஓட்டுத் துணுக்கைத்
தேடி எடுப்பதற்குள் கால்மணி நேரம் போயிற்று.
அரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவு,
கோப்பையைத் தட்டித் தட்டி மட்டம் பார்ப்பதில்
என்ன கண்டிப்பு!
"இரு அப்பா. மாவு தண்ணி குடிக்கட்டும்."

கண்ணாடிக் கதவின் முன்
சப்பணமிட்டு உட்கார்ந்தோம்.
உப்பியது.
இன்னும் உப்பியது.
வெளியே எடுத்ததும்
நடுவில் பொசுக்கென்று அமுங்கியது.

நான் வாய் திறக்குமுன்
உறைந்த ப்ளூபெர்ரிகளை
அந்தப் பள்ளத்தில் கொட்டினாள்.
"கல்லவேசி. நம்ம ஏரி."
பாதாம் ஒன்றைப் படகாக விட்டாள்.

பெரிய துண்டு எனக்கு.
நீட்டிய கை பாதியில் நின்றது.
என் ஸ்வெட்டர் கழுத்திலிருந்து
எதையோ கிள்ளி எடுத்தாள்:
கம்பு நிறத்தில் ஒரு ரை ரொட்டித் துகள்.
மதியம், காருக்குள்,
கதவைப் பூட்டிக்கொண்டு தின்றது.

இரண்டு விரலால் பிடித்தபடி
குப்பைக்கூடை வரை கொண்டுபோனாள்.
சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.
"ருசியா இருந்ததா?" என்றாள்,
கோபமே இல்லாமல்.

என்ன சொல்ல.
ஏரிக்கரையில் ஒரு பக்கத்தை
அப்படியே வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.