இருநூற்றுப் பன்னிரண்டாவது மணி

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால் மூன்றாம் எண் கொட்டகை.
வெளியே இரவு பதினொன்றுக்கும் முப்பத்தேழு டிகிரி.
உள்ளே, சுட்டுவிரல் பருமன் குழாயில்
இருநூற்று நாற்பது.
அதன் நடுவில்
ஒரு கரண்டி கறுப்புப் பொடி.

அந்தப் பொடியின் பூர்வீகம் எனக்குத் தெரியும்.
ஃபலஜ் சாலைக் காயலான் கடையில்
செத்த ஏசிகளின் வயிற்றைக் கிழித்துச்
செம்புச் சுருளை எடை போட்டு வாங்கியவன் நான்.
எந்தக் கேம்பில், எந்த அறையில்
எத்தனை பேர் தூக்கத்தைக் குளிர்வித்ததோ,
களிம்பேறிக் கிடந்தது.
புளி கரைத்துத் துலக்கினேன்.
"இது ஆய்வகமா, அடுக்களையா?"
மூக்கைச் சுளித்த ஷம்சா அல் பலூஷி
பளபளப்பைப் பார்த்ததும்
குறிப்பேட்டில் எழுதினார்:
புளி, நூற்றைம்பது கிராம்.

அமிலத்தில் செம்பு நீலமாகக் கரைந்தது.
துத்தநாகம் சேர்த்து
சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம்.
அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும்,
ரவை கிளறத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.
படிந்து உட்கார ஒரு கரி வேண்டுமே,
நோன்பு மாதம் முடிந்த மறுநாள்
பள்ளிவாசல் முற்றத்தில் கேட்டு வாங்கினேன்
இரண்டு மூட்டை பேரீச்சங்கொட்டை.

வினையில் கலந்தும் தான் தீராதது
வினையூக்கி
என்கிறது பாடப்புத்தகம்.
"அப்ப நம்மள மாதிரிதான்"
என்றான் ஷிப்ட் மாற்ற வந்த எட்வின்துரை.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
போன மாதம்தான் கண்ணாடியின் பவர் கூடியிருந்தது.

கரியமில வாயு ஒரு பக்கம்,
கூரைத் தகடுகள் பகலெல்லாம் பிரித்து வைத்த
ஹைட்ரஜன் மறு பக்கம்.
கீழே குப்பியில்
நிறமில்லாமல் சொட்டும் மெத்தனால்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது மணியில்
திரையிலிருந்த கோடு சரியத் தொடங்கியது.
பதினான்கு. பதினொன்று. ஒன்பது.

நீர்தான்.
ஒவ்வொரு மெத்தனாலோடும்
ஒட்டிப் பிறக்கிறது ஒரு நீர்.
அந்த ஆவியில்
தனித்தனியே நின்ற செம்புத் துகள்கள்
நகர்ந்து, ஒன்றையொன்று கண்டு, அப்பிக்கொண்டு
பெருத்துவிடுகின்றன.
பெருத்தது வேலை செய்யாது.
கடலைக் காய்ச்சிக் குடிக்கிற ஊரில்
நீர் வேண்டாமென்று கெஞ்சியது
அநேகமாக நாங்கள் மட்டும்தான்.

விடியுமுன் கணக்குப் போட்டேன்.
ஒன்பது நாளில் பிடித்த வாயு மொத்தம்
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
சிலிண்டர் இறக்கிவிட்டுப் போன பிக்கப்
நாலு கிலோமீட்டரில்
ஊதித் தள்ளியிருக்கும்.
ஜன்னலில், சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கு
ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

மூன்றரைக்கு ஷம்சா வந்தார், செருப்பு மாற்றிப் போட்டபடி.
கோட்டைப் பார்த்தார். அழவோ திட்டவோ இல்லை.
"நல்லது. எங்கே வலிக்கிறதென்று தெரிந்துவிட்டது."
துத்தநாகத்தைக் கூட்டலாம் என்றார்,
கரியை நீர் ஒட்டாமல் பதப்படுத்தலாம்.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
"இன்னும் புளி இருக்கிறதா?"

குழாயை ஆறவிட்டேன்.
குப்பிக்குச் சீட்டு எழுதி ஒட்டினேன்.
பார்வைக் கண்ணாடியில் தூசி,
வாயால் ஊதித் துடைத்தேன்.
பக்கத்துச் சுவரில்
வாயுக் கசிவு காட்டும் மானியின் எண்
கொஞ்சம் ஏறி, நின்று,
என்னைப் பார்த்தபடியே
இறங்கியது.