கூட்டக் குறிப்பில் எழுதாதவை

கோத்தகிரி வழக்கறிஞர் சங்கத்தின்
இணைச் செயலாளர் நான்.
பச்சை அட்டை நோட்டில் எழுதியது இவ்வளவுதான்:
உத்தேச உச்ச மேல்முறையீட்டு மன்ற மசோதா
விவாதிக்கப்பட்டது.
வந்தவர் இருபத்து மூன்று பேர்.
தேநீர், வர்க்கி வகையில் செலவு நானூற்றுப் பத்து.

மூன்று மணிக்கே விளக்குப் போட்டதை எழுதவில்லை.
லாங்வுட் சோலைப் பக்கமிருந்து மூடுபனி
உடைந்த கண்ணாடி வழியே வந்து
மசோதாவின் நகல்களை நமக்கச் செய்தது.
ஹாலா கௌடர் பக்கத்தை ஊதிப் பிரித்து
பிரிவு ஏழை உரக்கப் படித்தார்:
நீதிபதிகளை அரசு நியமிக்கும்,
தலைமை நீதிபதியைக் ‘கலந்தாலோசித்து’.
கண்ணாடியைக் கழற்றினார்.
“என்னையும்தான் கலந்தாலோசித்தார்கள்,
என் மகள் கல்யாணத்துக்கு,
பத்திரிகை அச்சான பிறகு.”

‘இசைவு பெற்று’ என்று திருத்தக் கேட்போம்
என்றார் ஃபரிதா. ஒரு சொல்தானே.

தேவசகாயம் எழுந்தார்.
நாற்பது வருஷம் சிவில் பக்கம் நின்ற கால்கள்.
“டெல்லிக்கு இரண்டு ராத்திரி ரயில்.
என் கட்சிக்காரர் மூன்று பேர்
தேதி வருவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள்.
முதலில் கோர்ட் வரட்டும்.
சுவரே எழும்பவில்லை, பூட்டுக்கு என்ன சண்டை?
நீதிபதியை நீதிபதியே எடுப்பது மட்டும் யோக்கியமா?
பந்தியில் தன் இலைக்குத் தானே
பரிமாறிக்கொள்கிற கதைதானே அது?”
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

வேலியே பயிரை என்று ரூபன் தொடங்க
“பழமொழி வேண்டாம் தம்பி, பிரிவு எண் சொல்”
என்றார் தலைவர்.
“பிரிவு பதினொன்று” என்றான்.
“பதவிக்காலம் ஐந்து ஆண்டு.
மறுநியமனத்துக்குத் தகுதி உண்டு.”

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் இரைந்தது.

ஐந்தில் நான்காவது ஆண்டு என்று ஒன்று வரும்.
அந்த ஆண்டில் அந்த நீதிபதியின் மேசையில்
அரசு தோற்க வேண்டிய கட்டு ஒன்று இருக்கும்.
நல்லவர்தான்.
மகள் மருத்துவம் மூன்றாம் வருஷம்.
காலி செய்யவேண்டிய வீடு அரசாங்கத்துடையது.
யாரும் அவரை மிரட்டத் தேவையில்லை,
தொலைபேசி கூட வராது.
பேனா தானாகவே கொஞ்சம் மெதுவாகும்.

காற்றுக்காக, அப்படிச் சொல்லிக்கொண்டு, வெளியே வந்தேன்.
படியில் என் கட்சிக்காரர் சிவபாக்கியம்.
பதுளையில் பிறந்து
இரண்டு அரசாங்கங்கள் ஒரு தாளில் போட்ட கையெழுத்தால்
ஒன்பது வயதில் கப்பலேற்றப்பட்டவர்.
ஐம்பது வருஷமாய் இருக்கும் லயத்து அறையும்
பின்னால் கேரட் போட்ட இரண்டு சென்ட்டும்
அவருடையதா இல்லையா என்பது வழக்கு.
எதிர்வாதி: அரசு.

பேச்சு முழுக்க கண்ணாடி வழியே கேட்டிருக்கிறது.
“அந்தப் பெரிய கோர்ட்டு ஜட்ஜை யாரும்மா வைக்கிறது?”
“அதைத்தான் பேசிட்டிருக்கோம்.”
“நம்ம கேசுல எதிர்க்கட்சி யாரு?”
தெரிந்தேதான் கேட்டார்.
ஒரு வர்க்கி கொடுத்தேன்.
தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

உள்ளே வாக்கெடுப்பு.
திருத்தம் வேண்டும்: பதினொன்று.
இப்படியே வரட்டும்: பதினொன்று.
மிச்சம் தலைவர் கமலநாதன்.
மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்கு
அவர் பெயர் சென்னைக்குப் போய் இரண்டு மாதம்.
எல்லோருக்கும் தெரியும்,
ஆகவே எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.
நல்லவர்தான்.
என் முதல் வழக்குக்கு
தன் கோட்டைக் கழற்றித் தந்தவர்.
பேனா மூடியைத் திறந்தார்.
மூடினார்.
நமத்த தாளை இரண்டு முறை நீவிவிட்டார்.
“பெரிய விஷயம்” என்றார்,
“அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாமே.”

ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதி
கையெழுத்து வாங்கினேன்.

கட்டபெட்டு பஸ்ஸின் விளக்கு
பனிக்குள் மஞ்சளாய்க் கரைந்து திரும்பிக்கொண்டிருந்தது.
பையை எடுத்துக்கொண்டு எழுந்த சிவபாக்கியம்
என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:
“என்னம்மா,
வாய்தாவா?”