கைமாற்று

புசி ஆற்றோரம், மாமரத்தடி.
வெள்ளம் நின்ற உயரத்தை மரமே காட்டியது:
என் தலைக்கு மேல் இரண்டு முழம், சேற்று நிறத்தில்.

நான் பெய்ராவிலிருந்து வந்த கணக்கெடுப்பாளன்.
ஃபெலிஸ்மினா முத்திசே. வயது நாற்பத்தொன்று.
இழந்தவை: தகரம் பதினான்கு,
தையல் மெஷின் ஒன்று, வாத்து ஏழு.
‘ஆறு என்று திருத்து,
ஒன்று நேற்றிரவு திரும்பிவிட்டது.’

வீடு கட்டப் பணம் வருமா?
வரும். கடனாக.
யாருக்கு?
நாட்டுக்கு.
அடைப்பது?
அதுவும் நாடுதான்.
வட்டி?
குறைந்த வட்டி என்றேன்,
ஏதோ நானே குறைத்துக் கொடுத்தது போல.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

புயலுக்கு முந்தின நாள்
லுர்தெஸ் என்னிடம் இரண்டு படி சோளமாவு
கைமாற்று வாங்கினாள்.
அவள் வீடும் போயிற்று, அடுப்பும் போயிற்று.
நேற்று நிவாரண மாவில் ஒரு படி அளந்து வந்து
மீதிக்குத் தலைகுனிந்து நின்றாள்.

எங்கள் ஊரில் கார் எத்தனை, எழுதினாயா?

அதற்குக் கட்டமில்லை.

ஓரத்தில் எழுது. ஒன்று.
போதகருடையது. அதுவும் ஓடாது.
இத்தனை காலம் யாரோ புகைவிட
எங்கள் வானத்தை எடுத்துக்கொண்டார்கள்.
கைமாற்று என்று
வாய்வார்த்தைக்கும் கேட்கவில்லை.
இப்போது எங்களுக்கே கடன் கொடுக்கிறார்கள்.

வெயில் ஏறியது.
இன்னும் அறுபது வீடு பாக்கி.
கையெழுத்து, என்று பேனாவை நீட்டினேன்.

அவர்கள் போட்டாயிற்றா, என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
திரும்பி வந்த வாத்து
காயப்போட்ட விதைச்சோளத்தில் வாய்வைக்க,
விரட்ட எழுந்து ஓடினாள்.